காதல் நகைச்சுவைப் படங்களும் நம் உடலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காதல் நகைச்சுவைப் படங்களைப் பற்றிக் கல்லூரிகளிலும் வாசகர் வட்டங்களிலும் பேசி வருகிறேன். அரங்கில் கையுயர்த்திக் கேட்கப்படுவதைவிட, முடிந்தபின் வாசலில் தனியாக நிறுத்திக் கேட்கப்படும் கேள்விகளே அதிகம். கேட்பவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். சில தாய்மார்களும், அவ்வப்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு இளைஞர்களும் கேட்பதுண்டு. திரும்பத் திரும்ப வந்தவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பேச வேண்டியிருப்பதால் சில படங்களின் முடிவையும் சொல்லியிருக்கிறேன். பார்க்காதவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சிரித்துவிட்டு மறந்துபோகும் படங்கள்தானே இவை? இவற்றில் உடலைப் பற்றி ஆராய என்ன இருக்கிறது?

காதல் கதைக்கு ஒரு தடை வேண்டும். முதல் காட்சியிலேயே இருவரும் சேர்ந்துவிட்டால் படம் இல்லை. சாதி, பணம், குடும்பப் பகை என்று வழக்கமான தடைகள் பல உண்டு. நாம் பேசப்போகும் படங்களில் நாயகியின் உடலே தடையாக நிற்கிறது. அவள் பருமனாக இருக்கிறாள், கறுப்பாக இருக்கிறாள், கண்ணாடி போட்டிருக்கிறாள். அதனால் அவளைக் காதலிக்க ஆள் இல்லை என்பதுதான் கதையின் தொடக்கம்.

தொடக்கம் இப்படி அமைந்துவிட்டால், அந்தத் தடையை எப்படி நீக்குவது என்பதுதான் மீதிப் படம். உடலை மாற்றிக் காட்டலாம். உடலை அப்படியே விட்டு, அவள் தன்னைப் பற்றி நினைப்பதை மாற்றலாம். அவளைப் பார்க்கிறவர்களை மாற்றலாம். கடைசி வழியில் போகும் படங்கள் மிகக் குறைவு. ஆகவே எந்தப் படத்தைப் பார்த்தாலும் நான் ஒன்றைத்தான் கேட்டுக்கொள்கிறேன்: இந்தக் கதையில் மாறவேண்டியவர் யார்? அவளா, அவளைப் பழித்தவர்களா? கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இதிலிருந்துதான் பிறக்கின்றன.

‘ஐ ஃபீல் பிரிட்டி’ பார்த்தபின் எனக்குத் தன்னம்பிக்கை வந்தது. அந்தப் படத்தையும் குறை சொல்வீர்களா?

உங்களுக்கு வந்த தைரியத்தை நான் பறிக்க மாட்டேன். அது உங்களுடையது.

படத்தைப் பார்க்காதவர்களுக்காக: 2018இல் வந்த ஹாலிவுட் படம், எமி ஷூமர் நாயகி. ரெனே என்ற பெண் அழகுசாதன நிறுவனம் ஒன்றின் இணையதளப் பிரிவில், தலைமை அலுவலகத்துக்கு வெகு தொலைவில், ஒரு அடித்தள அறையில் வேலை பார்க்கிறாள். உடற்பயிற்சி வகுப்பில் சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் அடிபடுகிறது. எழுந்து கண்ணாடியில் பார்த்தால் தான் பேரழகியாக மாறிவிட்டதாக அவளுக்குத் தோன்றுகிறது. உண்மையில் ஒன்றும் மாறவில்லை. அந்த நம்பிக்கையோடு தலைமை அலுவலக வரவேற்பாளர் வேலைக்கு விண்ணப்பித்துப் பெறுகிறாள், காதலனும் கிடைக்கிறான். பிறகு இன்னொரு அடியில் மயக்கம் கலைகிறது. கடைசியில் முன்பும் பின்பும் எடுத்த படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான், இரண்டிலும் இருப்பது ஒரே ஆள் என்று அவளுக்குப் புரிகிறது.

இதில் மெச்சத்தக்க துணிவு ஒன்று இருக்கிறது. ரெனே கண்ணாடியில் கண்ட ‘பேரழகி’யைப் படம் நமக்கு ஒருமுறைகூடக் காட்டவில்லை. முதலிலிருந்து கடைசிவரை நாம் பார்ப்பது எமி ஷூமரின் அதே உடலைத்தான். பதினேழு ஆண்டுகளுக்கு முன் வந்த ‘ஷாலோ ஹால்’ படத்தோடு ஒப்பிட்டால் இதன் மதிப்பு தெரியும். அதில் நாயகனுக்கு மனவசியம் செய்து, பெண்களின் உள்ளத்து அழகு மட்டும் கண்ணில் படும்படி ஆக்கிவிடுவார்கள். அந்த உள்ளத்து அழகுக்குப் படம் கொடுத்த உருவம் எது? மெலிந்த, பொன்னிறக் கூந்தல் கொண்ட குவினெத் பால்ட்ரோ. நல்ல மனம் என்றாலே ஒல்லியான உடல்தான் என்று இதைவிட வெளிப்படையாகச் சொல்லிவிட முடியாது. உண்மையில் பருமனான அந்த நாயகி உட்காரும் நாற்காலி உடைவதும், ஏறிய படகு ஒருபக்கம் தூக்கிக்கொள்வதும் வேறு. பரிவு காட்டுவதாகச் சொல்லிக்கொண்டே உருவக்கேலி செய்த படம் அது.

‘ஐ ஃபீல் பிரிட்டி’ அந்தப் பள்ளத்தில் விழவில்லை. ஆனால் சிரிப்பு எங்கே வருகிறது என்று கவனியுங்கள். மதுக்கூடத்தில் நடக்கும் நீச்சலுடைப் போட்டியில் ரெனே கூச்சமே இல்லாமல் மேடையேறி ஆடுகிறாள். இப்படிப்பட்ட ஒருத்திக்கு இவ்வளவு நம்பிக்கையா என்ற வியப்புதான் அங்கே நகைச்சுவையின் அடித்தளம். அந்த வியப்பு நம்மிடம் இல்லையென்றால் காட்சியில் சிரிக்க ஒன்றுமில்லை. ஒல்லியான நாயகி அதே ஆட்டத்தை ஆடியிருந்தால் அது வெறும் ஆட்டம்.

இன்னொன்றும் உண்டு, எனக்கு இதுவே பெரிதாகப் படுகிறது. ரெனேக்கு வேலை கிடைக்காமல் இருந்ததற்கும், கடையில் அவளை ஒதுக்கியதற்கும் காரணம் அவளது நம்பிக்கைக் குறைவுதான் என்று படம் தீர்ப்பளித்துவிடுகிறது. நம்பிக்கை வந்ததும் எல்லாக் கதவும் திறக்கின்றன. அப்படியானால் கதவை மூடியவர்கள் யார்? அவர்களைப் படம் கேள்வியே கேட்பதில்லை. நேர்முகத் தேர்வில் தோற்றத்தைப் பார்த்து ஒதுக்கப்பட்ட பெண்ணிடம், நீ இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும் என்று சொல்வதற்கும் இதற்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை.

கண்ணாடியைக் கழற்றி, முடியை அவிழ்த்துவிட்டால் அழகியாகிவிடும் காட்சி ஏன் இத்தனை படங்களில் வருகிறது?

எடுப்பதற்கு எளிது, பார்ப்பதற்கு இன்பம். 1999இல் வந்த ‘ஷீ’ஸ் ஆல் தட்’ இதற்குப் பேர்போனது. நாயகி மாடிப்படியில் இறங்கி வரும் காட்சியைப் பலர் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்த வேடத்தில் நடித்தவர் கண்ணாடி அணிந்திருந்தபோதும் அழகாகத்தான் இருந்தார். அழகில்லாதவள் என்று நம்மை நம்பவைக்க ஒரு மூக்குக்கண்ணாடி போதும் என்று படம் நினைத்தது. நாள் முழுக்கக் கண்ணாடி அணிந்து வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிரிட்ஜெட் ஜோன்ஸ் உண்மையிலேயே குண்டா?

இல்லை. ஹெலன் ஃபீல்டிங் 1996இல் நாட்குறிப்பு வடிவில் எழுதிய ‘பிரிட்ஜெட் ஜோன்ஸின் டைரி’ நாவலின் நாயகி அவள். முதல் நாள் குறிப்பிலேயே அவள் எடை இருக்கிறது. நம் கணக்கில் ஏறத்தாழ 58 கிலோ. சராசரி உயரமுள்ள எந்தப் பெண்ணுக்கும் அது இயல்பான எடை. ஒவ்வொரு நாள் குறிப்பையும் எடை, கலோரி, குடித்த அளவு, புகைத்த எண்ணிக்கை என்றே அவள் தொடங்குகிறாள். தன்னைத் தானே கணக்கெடுத்துச் சலித்துக்கொள்ளும் ஒரு தலைமுறைப் பெண்களைப் பற்றிய கிண்டல் அது.

நாவலில் ஓரிடம் எனக்கு மிகப் பிடிக்கும். பல ஆண்டு ஆசைப்பட்ட எடைக்கு, சுமார் 54 கிலோவுக்கு, அவள் ஒருவழியாக இறங்கிவிடுகிறாள். பெருமையோடு விருந்துக்குப் போனால், சோர்ந்து தெரிகிறாயே என்கிறார்கள் நண்பர்கள். முன்பு இருந்ததே நன்றாக இருந்தது என்கிறான் ஒருவன். அத்தனை ஆண்டு உழைப்பும் எதற்காக என்று அவள் திகைத்து நிற்கிறாள்.

2001இல் அது படமாக வந்தபோது, பிரிட்ஜெட்டாக நடித்த ரெனே ஜெல்வெகர் அதற்காக எடை கூட்டியிருந்தார். அதன் பிறகு நாளிதழ்களும் வார இதழ்களும் எழுதித் தீர்த்தது அவர் எத்தனை கிலோ ஏறினார், எத்தனை கிலோ இறங்கினார் என்பதைத்தான். எடைக் கணக்கைக் கேலி செய்த கதையை வைத்துக்கொண்டே எடைக் கணக்குப் போட்டார்கள். நீ இருக்கிறபடியே உன்னைப் பிடித்திருக்கிறது என்று நாயகன் மார்க் டார்ஸி பிரிட்ஜெட்டிடம் சொல்லும் இடம் படத்தின் உயிர்நாடி. அந்தச் சொல்லுக்காகப் பலர் அழுதார்கள். ஆனால் இயல்பான எடையுள்ள ஒருத்திக்கு இதைப் பெரிய கருணையாகச் சொல்லவேண்டி வந்ததே என்பது எனக்கு இன்றுவரை உறுத்தல்.

மாறவேண்டியவர் அவள் இல்லை என்று சொன்ன படம் ஏதாவது உண்டா?

உண்டு. 2015இல் வந்த இந்திப் படம் ‘தம் லகா கே ஹைஷா’. சரத் கடாரியா இயக்கியது. அந்த ஆண்டின் சிறந்த இந்திப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. நாயகியாக நடித்த பூமி பெட்னேகருக்கு இது முதல் படம்.

கதை 1990களின் ஹரித்வாரில் நடக்கிறது. பிரேம் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவன். பாட்டுக் கேசட் பதிவுசெய்து தரும் கடை வைத்திருக்கிறான். வீட்டார் வற்புறுத்தலால் சந்தியாவைக் கட்டிக்கொள்கிறான். அவள் பி.எட். படித்தவள், ஆசிரியையாக வேண்டும் என்ற இலக்கு உள்ளவள், பருமனானவள். அவளோடு வெளியே போகவே அவனுக்கு வெட்கம். நண்பனின் திருமண விருந்தில் குடித்துவிட்டு, எல்லார் காதிலும் விழும்படி அவளை இழிவாகப் பேசுகிறான். அவள் அங்கேயே அவனை அறைகிறாள். அவனும் திருப்பி அறைகிறான். மறுநாள் அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய் விவாகரத்து கேட்கிறாள். ஆறு மாதம் சேர்ந்து வாழ்ந்து பாருங்கள் என்கிறது நீதிமன்றம்.

இந்தக் கதையில் சந்தியாவுக்குத் தன்னம்பிக்கைப் பாடம் யாரும் எடுப்பதில்லை. அவளுக்கு அது தேவைப்படவில்லை. முதல் நாளிலிருந்தே தன் படிப்பும் தகுதியும் அவளுக்குத் தெரியும். அவள் பட்டினி கிடப்பதில்லை, ஓடி இளைப்பதில்லை, உடலுக்காக ஒருமுறைகூட மன்னிப்புக் கேட்பதில்லை. அவமானப்படுத்தியபோது வலிக்கிறது, அழுகிறாள், அந்த வலிக்குக் காரணம் தன் உடல் என்று ஒருபோதும் நினைப்பதில்லை, கணவனின் நாக்கு என்று சரியாகத் தெரிந்து வைத்திருக்கிறாள். தன்னம்பிக்கை இல்லாதவன் பிரேம்தான். படிப்பில் தோற்றவன், தந்தைக்குப் பயந்தவன், நண்பர்கள் முன் சிறுத்துப்போனவன். தன் குறையை மறைக்கத்தான் மனைவியின் உடலைப் பிடித்துக்கொள்கிறான். உருவக்கேலி செய்பவரின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய வேறு காதல் நகைச்சுவையை நான் பார்த்ததில்லை.

குறையும் உண்டு. உச்சக்காட்சியில் மனைவியை முதுகில் சுமந்து ஓடும் போட்டி நடக்கிறது. பிரேம் அவளைச் சுமந்து வெல்கிறான். ஊரே கைதட்டுகிறது. அந்தக் கைதட்டல் யாருக்கு? அவளைச் சுமந்த அவனுக்கு. இத்தனை நேரம் நிமிர்ந்து நின்றவள் கடைசியில் தூக்கவேண்டிய பாரமாகிவிடுகிறாள். அவன் அவளை அறைந்ததையும் படம் எளிதில் கடந்துபோகிறது. ஆனாலும் பிரேம் மாறியபிறகுதான் காதல் வருகிறது என்ற வரிசையை அது கடைசிவரை காப்பாற்றியிருக்கிறது.

தமிழில் எப்படி?

2015 நவம்பரில் தமிழிலும் தெலுங்கிலும் வந்த ‘இஞ்சி இடுப்பழகி’யை முதலில் சொல்ல வேண்டும். அனுஷ்கா ஷெட்டி அந்த வேடத்துக்காகத் தானே எடை கூட்டினார். முன்னணி நாயகி ஒருவர் அதற்கு ஒப்புக்கொண்டதே பெரிது. மகளுக்கு வரன் அமைய வேண்டுமே என்று தாய் தவிக்கும் தவிப்பு நம் வீடுகளில் நடப்பதுதான். பெண் பார்க்க வருகிறவர்களின் முன் தட்டோடு நிற்கும் மகளைவிட, அடுக்களையில் நிற்கும் அம்மாவின் கைகள் அதிகம் நடுங்கும். பிறகு கதை உடல் இளைக்கவைக்கும் நிலையம் ஒன்றின் மோசடிக்கு எதிரான போராட்டமாகத் திரும்புகிறது. அவசர அவசரமாக இளைக்கவைக்கும் வணிகத்தை வில்லனாக்கியது நல்லது. ஆனால் ஒரு தனி மனிதன் வில்லனாகிவிட்டதால், திருமணச் சந்தையும் உறவினர்களின் வாயும் தப்பித்துவிட்டன.

இன்னொரு பக்கம் 2007இல் வந்த ‘சிவாஜி’. அதன் காதல் பகுதி முழுக்க நகைச்சுவை. நாயகியின் மனத்தைப் பிடிக்க நாயகன் வெள்ளையாக முயலும் அத்தியாயம் அதில் உண்டு. பாடலில் ரஜினிகாந்த் வெள்ளைத் தோலோடு வருவார். கறுப்பு நிறத்தோடு வந்து தமிழகத்தின் உச்ச நாயகனாக நின்றவர் அவர். அவர் திரையில் தோன்றியதாலேயே நிமிர்ந்து நடந்த பிள்ளைகள் இங்கே எத்தனை பேர்! அவருக்கு இந்தப் பாடலா என்று அன்றே எனக்கு மனம் கசந்தது.

அதே படத்தில் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் முகத்தில் கருமை பூசிக்கொண்டு, பார்த்தவுடன் சிரிக்க வேண்டும் என்பதற்காகவே வருகிறார்கள். அவர்களுக்கு வைத்த பெயர் அங்கவை, சங்கவை. பாரி மகளிரின் பெயர்கள் என்று மரபு சொல்லும் பெயர்கள் அவை. “அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவில்” என்று தந்தையையும் குன்றையும் இழந்து பாடிய பெண்களின் பெயரை எடுத்து, கறுப்பாக இருப்பதற்காகச் சிரிக்கப்படும் இருவருக்குச் சூட்டியிருக்கிறார்கள். சென்னையிலும் மதுரையிலும் அந்தக் காட்சிக்குச் சிரித்த அரங்கின் நிறம் என்ன? அவர்களின் நிறம்தான்.

நடிகை எடை கூட்டுவதும், மேக்கப்பில் கறுப்பாவதும் நடிப்புதானே? அதில் என்ன தவறு?

நடிப்புதான். ஆனால் பருமனான, கறுப்பான நடிகைகள் வாய்ப்புக்காகக் காத்திருக்கிறார்கள். அவர்களுக்கென்றே எழுதப்பட்ட அரிதான வேடமும் மற்றவர்களுக்குப் போகிறது. வழுக்கை விழும் இளைஞனைப் பற்றிய ‘பாலா’ (2019) நிறப்பாகுபாட்டையும் கண்டித்த படம். அதில் கறுப்பான வழக்கறிஞராக நடித்த பூமி பெட்னேகருக்குத் தோலைக் கறுப்பாக்கி மேக்கப் போட்டிருந்தார்கள். அப்போதே கடும் விமர்சனம் எழுந்தது. நியாயமான விமர்சனம். கறுப்பு அழகு என்று வசனம் எழுத முடிந்தவர்களால் கறுப்பான ஒரு நடிகையைத் தேட முடியவில்லை.

எடை கூட்டியவர்கள் பிறகு இளைத்தபோது கிடைக்கும் பாராட்டையும் கவனியுங்கள். ‘தம் லகா கே ஹைஷா’வுக்குப் பின் பூமியின் நடிப்பைவிட அவர் இளைத்ததைப் பற்றித்தான் அதிகம் எழுதினார்கள். படம் சொன்னதைச் செய்திகள் அழித்தன.

ஆண்களுக்கு இந்தத் தொல்லை இல்லையா?

இருக்கிறது, பேசத்தான் ஆள் இல்லை. முடி கொட்டுவதைப் பற்றி என்னிடம் கேட்ட இளைஞர்கள் எல்லாருமே முதலில் ஒரு நண்பனுக்காகக் கேட்பதாகத்தான் தொடங்கினார்கள். கன்னடத்தில் ராஜ் பி. ஷெட்டி எழுதி, இயக்கி, நடித்த ‘ஒந்து மொட்டெய கதெ’ (2017) வழுக்கைத் தலை கல்லூரி ஆசிரியர் ஒருவர் பெண் தேடும் கதை. அதைத் தழுவி 2019இல் மலையாளத்தில் வந்த ‘தமாஷா’ இன்னும் ஒரு படி ஆழமாகப் போகிறது. நாயகனோடு எடுத்த புகைப்படத்துக்காக ஒரு பெண்ணின் பருமனை முன்பின் தெரியாதவர்கள் இணையத்தில் கிழிக்கிறார்கள். தலைமுடிக்காகக் காலமெல்லாம் அவமானப்பட்ட அந்த ஆசிரியரால்கூட உடனே அவள் பக்கம் நிற்க முடியவில்லை. காயம்பட்டவர் எல்லாரும் கனிந்துவிடுவதில்லை என்ற கசப்பை அது மறைக்கவில்லை.

ஒரு படம் பார்த்து யாராவது மாறிப்போவார்களா?

ஒரு படத்தால் மாறுவார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். தொடர்ந்து ஒரே மாதிரி உடல்களைப் பார்ப்பதன் விளைவுக்குச் சான்று உண்டு. ஃபிஜித் தீவில் நட்ரோகா என்ற பகுதிக்கு 1995இல்தான் தொலைக்காட்சி வந்தது. கொழுத்த உடலே நலத்தின் அடையாளம் என்று கருதிய சமூகம் அது. ஆன் பெக்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர் டிவி வந்த புதிதில் பள்ளி மாணவிகளிடம் உணவுப் பழக்கம் குறித்த ஆய்வு நடத்தினார். 1998இல் வேறொரு தொகுதி மாணவிகளிடம் அதையே திரும்பச் செய்தார். உணவுக் கோளாறைக் காட்டும் மதிப்பெண் பெற்றவர்கள் 12.7 விழுக்காட்டிலிருந்து 29.2 ஆக உயர்ந்திருந்தார்கள். எடை குறைக்க வாந்தி எடுப்பவர் முதல் ஆய்வில் ஒருவரும் இல்லை, இரண்டாவதில் 11.3 விழுக்காடு. ஒவ்வொரு முறையும் சில பத்துப் பேர்தான் பங்கேற்றார்கள், அந்த ஆண்டுகளில் வேறு மாற்றங்களும் நடந்திருக்கலாம் என்பதையும் சேர்த்துத்தான் இதைப் படிக்க வேண்டும். டிவி நாயகிகளைப் போல ஆகவேண்டும் என்று அந்தப் பெண்களே நேர்காணல்களில் சொன்னதையும் ஒதுக்கிவிட முடியாது.

உருவக்கேலி கூடாது என்பது உடல்பருமனை ஊக்குவிப்பது ஆகாதா?

ஆகாது. எடை உடல்நலத்தோடு தொடர்புடையது. அதை மருத்துவரோடு பேசலாம். கேலி எந்த நோயையும் தீர்த்ததில்லை. 2020இல் பல நாட்டு வல்லுநர்கள் சேர்ந்து ‘நேச்சர் மெடிசின்’ இதழில் வெளியிட்ட அறிக்கை, எடையை வைத்து இழிவுபடுத்துவது உடலுக்கும் மனத்துக்கும் கேடு செய்கிறது, அப்படி இழிவுபடுத்தப்பட்டவர்களுக்குச் சரியான சிகிச்சையும் கிடைப்பதில்லை என்று சொன்னது. தெருவில் சிரிக்கப்பட்டவள் மறுநாள் காலை அதே தெருவில் நடைப்பயிற்சிக்குப் போவாளா என்று யோசித்தாலே போதும்.

என் மகள் இந்தப் படங்களை விரும்பிப் பார்க்கிறாள். தடுக்கலாமா?

தடுக்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். படம் முடிந்ததும் பாடம் நடத்தாமல், அந்தக் காட்சியில் எல்லாரும் ஏன் சிரித்தார்கள் என்று மட்டும் கேட்டுவிட்டு அவளைப் பேசவிடுங்கள். பிள்ளைகள் நம்மைவிடக் கூர்மையாகப் பார்க்கிறார்கள்.

அதைவிட முக்கியம், வீட்டில் நீங்கள் பேசுவது. “கொஞ்சம் இளைத்தால் நல்லா இருப்பாய்” என்று அத்தை சொல்லும்போது நீங்கள் சிரித்து மழுப்பினால், எந்த நல்ல படமும் அதை ஈடுகட்டாது. கண்ணாடி முன் நின்று நீங்கள் உங்கள் வயிற்றைத் திட்டிக்கொள்வதையும் அவள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

வேளை தவறாமல் சாப்பிட்டவள் சாப்பாட்டைத் தவிர்க்கிறாள், சாப்பிட்டவுடன் குளியலறைக்குப் போய்விடுகிறாள், ஒரு நாளில் பலமுறை எடை பார்க்கிறாள், மாதவிடாய் நின்றுவிட்டது என்றால் படத்தைப் பற்றிய பேச்சை விட்டுவிட்டு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இந்திய அரசின் மனநல உதவி எண் 14416. தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.

பிடித்த பழைய படத்தை இனிமேல் பார்க்கவே கூடாதா?

பாருங்கள். நானும் பார்க்கிறேன். பிரிட்ஜெட்டை இன்னும் பலமுறை பார்ப்பேன். சிரிப்பு வராத இடத்தில் சிரிக்காமல் இருந்துகொள்ளலாம். தோழிகளோடு பார்க்கும்போது இது கொஞ்சம் கடினம். எல்லாரும் சிரிக்கையில் நீங்கள் ஒருவர் மட்டும் சும்மா இருந்தால் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள், ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் சொல்லுங்கள்.